மைக் செட் ஆம்ப்ளிஃபயர்: டிரான்சிஸ்டரை மல்டிமீட்டரில் சோதிப்பது எப்படி?

ஆடி பிறந்தால் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் கோயில்தோறும் மைக் செட் கட்டுவார்கள். அந்தச் சமயத்தில் ரிப்பேருக்கு வரும் ஆம்ப்ளிஃபயரில் புது ஃபியூஸ் போட்டதும் போகிறதென்றால், அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்களை 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்ய வேண்டாம்; தீப்பொறி பறந்து கெப்பாசிட்டரே கெடும்.

டிரான்சிஸ்டருக்கு பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று மூன்று இணைப்புகள். மீட்டரை டயோடு ரேஞ்சில் வைத்து, கலெக்டர்–எமிட்டரை முதலில் பாருங்கள். பெரும்பாலான பவர் டிரான்சிஸ்டர்கள் இங்கேதான் போகும். 2என்3055-இல் உலோக உடம்பே கலெக்டர். இரண்டு பக்கம் மாற்றி வைத்தாலும் 'ஓஎல்' (OL, அதாவது கரண்ட் ஓடவில்லை) வர வேண்டும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். ஆனால் போர்டில் இருக்கும்போது வரும் ரீடிங்கை நம்பிவிடாதீர்கள். பக்கத்து ரெசிஸ்டர், டிரைவர் (அவுட்புட் டிரான்சிஸ்டரை இயக்கும் டிரான்சிஸ்டர்) வழியாகவும் கரண்ட் ஓடும். கழற்றிப் பார்த்தால்தான் உறுதி.

அடுத்து பேஸ். டிரான்சிஸ்டரில் என்பிஎன், பிஎன்பி என்று இரண்டு வகை. என்பிஎன் என்றால் சிவப்பு முனை பேஸில், கருப்பை எமிட்டரிலும் கலெக்டரிலும் மாற்றி வையுங்கள். இரண்டிலும் 0.5 முதல் 0.7 வோல்ட் வரும். எமிட்டர் பக்கம் சில மில்லிவோல்ட் கூடுதலாக இருக்கும். எந்தக் கால் எது என்று தெரியாத டிரான்சிஸ்டரில் எமிட்டரைக் கண்டுபிடிக்க இதுவே வழி. முனைகளைத் திருப்பினால் 'ஓஎல்'. பிசி557 போன்ற பிஎன்பியில் கருப்பு முனை பேஸில். பழைய முள் மீட்டரில் ஓம் ரேஞ்சில் சிவப்புதான் நெகட்டிவ், அதனால் எல்லாம் தலைகீழ்.

டிப்122 போன்ற டார்லிங்டனில் (ஒரே உடம்பில் இரண்டு டிரான்சிஸ்டர் சேர்ந்தது) கலெக்டர்–எமிட்டர் ஒரு பக்கம் டயோடு போலக் காட்டும். உள்ளேயே டயோடு இருப்பதால் அப்படி. கெட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் கடற்கரையில் உப்புக் காற்றால் பின்கள் பச்சை பூத்திருக்கும். பிளேடால் சுரண்டாமல் முனை வைத்தால் நல்ல டிரான்சிஸ்டரும் 'ஓஎல்' காட்டும்.

மீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான். லோடில் 40 வோல்ட் ஏறும்போது உடையும் டிரான்சிஸ்டரை அது காட்டிக்கொடுக்காது. ஷார்ட்டான ஒன்றை மாற்றும்போது 0.22 அல்லது 0.33 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர், டிரைவர், ஹீட்சிங்குக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவில் இருக்கும் மைக்கா தகடு எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். பிறகு ஸ்பீக்கர் இல்லாமல், 60 வாட் குண்டு பல்பை மெயின்ஸ் லைனில் சீரியஸில் போட்டு சப்ளை கொடுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் சரி; பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்து மறுபடி சோதியுங்கள்.