முகாம் தெருவைப் படமெடுக்க வருகிறவர்களுக்கு

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். இங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமின் அன்றாட வாழ்க்கையைப் படமெடுக்க வெளியூரிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். கடைக்குள் நுழைந்ததும் என்ன லென்ஸ் வேண்டும் என்றுதான் கேட்பார்கள். லென்ஸ் அப்புறம். இந்த மக்களை இதுவரை யார், எதற்காகப் படமெடுத்தார்கள் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். அடையாள அட்டைக்கும் விண்ணப்பத்துக்கும் வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார வைத்து நானே எத்தனையோ பேரை எடுத்திருக்கிறேன். அதை விட்டால், படகிலிருந்து இறங்கும்போது செய்திக்காக எடுத்த படங்கள்தான். 2022-ல் பொருளாதார நெருக்கடியால் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கியவர்களின் களைத்த முகங்களை எல்லோரும் பார்த்தோம். அதே மனிதர்கள் பிள்ளைக்குத் தலைவாருவதையும், புட்டு அவிப்பதையும், சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து சிரிப்பதையும் எத்தனை பேர் பார்த்தோம்? நீங்கள் எடுக்க வேண்டியது அதைத்தான்.

அனுமதி இல்லாமல் முகாமுக்குள் போகாதீர்கள். என்ன எடுக்கப்போகிறீர்கள், எங்கே வெளியிடுவீர்கள் என்பதை விளக்கி ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவு போலீஸார் விசாரித்தால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அனுமதி கிடைக்காவிட்டாலும் வேலை நின்றுபோகாது. முகாமுக்கு வெளியே வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் உண்டு. விடியற்காலையில் பெயிண்ட் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் டீக்கடையில் நிற்பார்கள். ட்ரோன் மட்டும் வேண்டாம். பக்கத்திலேயே உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருக்கிறது.

போகிற இடத்தின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்க வைத்த முகாம் இது. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்கள் இதன் வழியாக வந்தார்கள். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பியவர்கள் வந்தார்கள். அதனால் ஒரு வீட்டுப் பெரியவரிடம் "எப்ப வந்தீங்க?" என்பதோடு நிறுத்தாமல், "உங்க அப்பா, தாத்தா எந்த ஊர்?" என்றும் கேளுங்கள். சிலர் வீட்டுக் கதை ராமநாதபுரத்துக்கோ புதுக்கோட்டைக்கோ போய் முடியலாம்.

முதல் நாள் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். "தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றால் உட்கார்ந்து குடியுங்கள். அடுத்த முறை, "உங்களை எப்படி எடுக்கணும் அக்கா?" என்று அவர்களிடமே கேளுங்கள். சிலர் நல்ல சேலை கட்டிக்கொண்டு வருவார்கள். சிலர் பிள்ளையின் பள்ளிச் சீருடையோடு எடுக்கச் சொல்வார்கள். அந்தப் படத்தை முதலில் எடுத்து, பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டிய படங்கள் அதற்குப் பிறகுதான்.

சில வீடுகளில் பழைய படம் ஒன்றை எடுத்து வந்து காட்டுவார்கள். கல்யாணப் படமாக இருக்கும், அல்லது திரும்பி வராத ஒருவரின் படமாக இருக்கும். ஊரை விட்டு ஓடும்போது ஆல்பத்தை யார் தூக்கினார்கள்? மிஞ்சியது அந்த ஒன்றுதான். அதை நகலெடுத்துக் கொடுப்பது உங்கள் சொந்தப் படங்களைவிடப் பெரிய காரியம் என்பது என் எண்ணம். கடற்கரை ஈரத்தில் பழைய பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் உரிந்து வந்துவிடும். சட்டத்தோடேயே எடுங்கள். வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், கேமராவை படத்துக்கு நேராகப் பிடியுங்கள். கண்ணாடியில் உங்கள் உருவம் தெரிந்தால், ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டுக் கேமராவுக்கு முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். மூலப்படத்தை எக்காரணம் கொண்டும் வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள், "ஸ்கேன் பண்ணித் தர்றேன்" என்றுகூட.

சரி, இப்போது லென்ஸ். அறைகள் சின்னவை, 28 அல்லது 35 மி.மீ. போதும். தூரத்திலிருந்து இழுத்து எடுக்கும் பெரிய ஜூம் வேண்டாம். ஒளிந்திருந்து எடுப்பது போலிருக்கும். காலை பத்து மணி வாக்கில் ஒருவரை வாசல்படிக்கு உள்ளே நிழலில் உட்கார வைத்துப் பாருங்கள். வெளியே கிடக்கும் வெள்ளை மணலில் பட்ட வெயில் திரும்பி வந்து முகத்தில் மெதுவாக விழும், ஸ்டூடியோவில்கூட எனக்கு அப்படி ஒரு வெளிச்சம் கிடைத்ததில்லை. நீலத் தார்ப்பாய் கட்டிய இடத்தில் முகமெல்லாம் நீலம் பாயும். அங்கே ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் அமைப்பை, கையால் வையுங்கள்.

மண்டபத்தில் வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் மணலும் உப்பும் எல்லாவற்றிலும் ஏறும். வெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள். ராத்திரி, பிழிந்த ஈரத்துணியால் கேமராவைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட மூடி டப்பாவில் வையுங்கள்.

யாருடைய அட்டையும், பதிவு எண்ணும், கதவு எண்ணும் படத்தில் தெரியக்கூடாது. குடியுரிமைக்கு மனுப் போட்டவர்கள் இருப்பார்கள், ஊர் திரும்பக் காத்திருப்பவர்கள் இருப்பார்கள், அக்கரையில் சொந்தம் இருப்பவர்களும் இருப்பார்கள். ஒரு படம் எங்கே போய் யாரைச் சிக்கவைக்கும் என்று நமக்குத் தெரியாது. "அகதி வாழ்க்கை" என்று பொதுவாகக் குறிப்பு எழுதாதீர்கள். "ஞாயிற்றுக்கிழமை, மகளுக்கு இடியாப்பம் பிழிகிறார்" என்று நடந்ததை எழுதுங்கள். பேர் போடலாமா, எந்தப் பேர் என்பதை அவரே சொல்லட்டும். ஆறு மாதம் கழித்து ஒருவர் "அந்தப் படம் வேண்டாம்" என்றால் காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள். பிரிண்டுகளை லேமினேட் செய்தே கொடுங்கள், இந்த உப்புக் காற்றுக்கு வெறும் தாள் தாங்காது.