பலகையில் தொடங்குங்கள்: கோலாலம்பூரில் ஒரு திட்டத்தின் பின்னால் யார் என்று தேடும் வழி

மலேசியாவில் ஒரு நிறுவனம் ஒரு கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்று கேட்டால், பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. நன்கொடைக்கு உச்சவரம்பு கிடையாது. கொடுத்தவர் பெயரை வெளியிட வேண்டியதும் இல்லை. அரசியல் நிதி பற்றி 2015இல் அமைந்த தேசிய ஆலோசனைக் குழு மறு ஆண்டே 32 பரிந்துரைகளைக் கொடுத்தது. அரசியல் நிதிச் சட்டம் மட்டும் வரவில்லை. 1954ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டம் நாடாளுமன்ற வேட்பாளருக்கு 200,000 ரிங்கிட் செலவு வரம்பு வைத்திருக்கிறது. அது வேட்பாளரைத்தான் கட்டும், கட்சியைக் கட்டாது.

அதனால் நன்கொடையைத் துரத்திப் பயனில்லை. முடிவைத் துரத்துங்கள். நிலம் கைமாறுவது, கட்ட அனுமதி கிடைப்பது, குத்தகை (வேலை ஒப்பந்தம்) கொடுக்கப்படுவது ஆகிய மூன்றும் ஏதாவதொரு அலுவலகத்தில் காகிதமாகப் பதிவாகித்தான் தீரும். அந்தக் காகிதத்திலிருந்து பின்னோக்கி நடந்தால், யார் எப்போது உள்ளே வந்தார் என்பது தெரியும்.

கோலாலம்பூரில் இதற்கு அவசியம் அதிகம். இங்கே சட்டமன்றம் இல்லை. பதினொரு நாடாளுமன்றத் தொகுதிகள்தான். மேயரான டத்தோ பண்டாரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அவர் நியமிக்கப்படுபவர். 2022 குடும்ப வருமானக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்தக் குடும்ப வருமானத்தில் மேல்தட்டு 20 விழுக்காட்டுக் குடும்பங்களான டி20 பிரிவுக்கு 46.3 விழுக்காடு, கீழ்த்தட்டு 40 விழுக்காடான பி40 பிரிவுக்கு 16.1 விழுக்காடு. பணம் உள்ளவர் திட்டம் வரைபடமாக இருக்கும்போதே அதிகாரியோடு உட்கார்ந்து பேசுகிறார். அடுக்குமாடியில் இருப்பவருக்கோ வேலி அடித்த பிறகுதான் விஷயம் தெரிகிறது. இந்த இடைவெளியைக் கொஞ்சமாவது குறைப்பதற்கான வழிதான் கீழே இருப்பது.

தாமான் ரிம்பா கியாரா வழக்கை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கத்துப் பொதுப் பூங்காவில் உயர்மாடிக் கட்டடங்கள் எழுப்ப 2017இல் அனுமதி தரப்பட்டது. அதே திட்டத்தில் ஒரு கட்டடம், பழைய புக்கிட் கியாரா தோட்டப் பாட்டாளிக் குடும்பங்களுக்கு. 1980களிலிருந்து நீண்டவீட்டில் தங்கி, தருவதாக உறுதி சொன்ன வீட்டுக்காகக் காத்திருந்த நம் மக்கள் அவர்கள். நிலத்தை வைத்திருந்தது கூட்டரசுப் பிரதேச யாயாசான், அதாவது அறக்கட்டளை. அனுமதி தர வேண்டிய டத்தோ பண்டார் அந்த யாயாசான் வாரியத்திலும் இருந்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 ஜனவரியில் அனுமதியை ரத்து செய்தது. கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் அதை உறுதி செய்தது. டத்தோ பண்டார் இரண்டு பக்கமும் இருந்தது, வாரியப் பட்டியலையும் அனுமதிக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியக்கூடிய விஷயம். ஏழைக்கு வீடு என்பதைக் காட்டி எவ்வளவு பெரிய திட்டத்தையும் நகர்த்திவிடலாம் என்பதையும் அந்த வழக்கிலிருந்து நாம் மறக்கக் கூடாது.

முதல் வேலை: பலகையைப் படம் எடுப்பது

கட்டுமான இடத்துப் பலகையை நேராக நின்று, எழுத்து தெளிவாகத் தெரிய, தேதியோடு படம் எடுங்கள். மேம்பாட்டாளர், குத்தகையாளர், கட்டடக் கலைஞர், பொறியாளர், லோட் எண் (நிலத் துண்டின் எண்), அனுமதி எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். லோட் எண்தான் முக்கியம். அது இல்லாமல் நில அலுவலகத்தில் எதையும் தேட முடியாது. திட்டமிடல் அனுமதி கேட்கும் அறிவிப்புப் பலகை வேறு, கட்டுமானப் பலகை வேறு. முன்னதில் ஆட்சேபம் சொல்லக் கடைசித் தேதி இருக்கும்; அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வீடமைப்புத் திட்டமாக இருந்தால், விளம்பரத் தாளில் உள்ள மேம்பாட்டாளர் உரிம எண்ணை வீடமைப்பு அமைச்சின் தெடுஹ் (TEDUH) தளத்தில் சரிபார்க்கலாம். குத்தகையாளரின் தகுதியைக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் (சிஐடிபி) பதிவில் பாருங்கள். உச்சத் தரமான ஜி7 என்றால் எவ்வளவு பெரிய குத்தகையும் எடுக்கலாம். அதற்குக் கீழே ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு.

அடுத்து நிலம். கூட்டரசுப் பிரதேச நில, கனிம அலுவலகத்தில் தனியார் தேடல் செய்யுங்கள். உரிமையாளர் பெயர், நிலத்தின் பயன்பாட்டு வகை, கட்டுப்பாடுகள், வங்கி அடமானம், கேவியட் (நிலம் கைமாறுவதைத் தடுக்கும் பதிவு) எல்லாம் வரும். முன்பு அரசு நிலமாகவோ பூங்காவாகவோ இருந்தது எப்போது தனியார் பெயருக்கு மாறியது என்ற தேதிதான் நமக்கு வேண்டியது. கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040இல் அந்த லோட் எந்த வட்டாரப் பயன்பாட்டில் வருகிறது, எவ்வளவு அடர்த்தி அனுமதிக்கப்படுகிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அனுமதியில் உள்ள அடர்த்தி அதைவிடக் கூடுதலாக இருந்தால் உங்கள் முதல் கேள்வி கிடைத்துவிட்டது.

எஸ்எஸ்எம் விவரத்தாளைப் படிக்கும் முறை

பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள், அதனால் இதை நிதானமாகப் பார்ப்போம்.

நிறுவனங்கள் ஆணையத்தின் (எஸ்எஸ்எம்) இணையத் தளத்தில் சிறு கட்டணம் கட்டினால் நிறுவன விவரத்தாள் கிடைக்கும். இயக்குநர்கள், நியமனத் தேதிகள், பங்குதாரர்கள், செலுத்திய மூலதனம், வங்கிப் பிணைகள் அதில் இருக்கும். பங்குதாரர் இடத்தில் இன்னொரு செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) இருந்தால் அதன் விவரத்தாளையும் வாங்குங்கள். மனிதர் பெயர் வரும்வரை மேலே ஏற வேண்டும். மூன்று நான்கு அடுக்கு இருப்பது சாதாரணம். 2024 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நிறுவனமும் உண்மையான பயன்பெறும் உரிமையாளரை, அதாவது கடைசியில் அதைக் கையில் வைத்திருக்கும் மனிதரை, ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். ஆனால் அந்தப் பதிவைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. அதை அமலாக்கத் துறைகள் பார்க்கலாம் என்பதால், பின்னால் புகார் எழுதும்போது “இந்த நிறுவனத்தின் பயன்பெறும் உரிமையாளரைச் சரிபார்க்கவும்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

விவரத்தாளில் சந்தேகம் போலத் தெரிந்தாலும் சந்தேகம் அல்லாதவை சில உண்டு. பதிவு முகவரி பத்து நிறுவனங்களுக்கு ஒன்றாக இருக்கலாம். அது பெரும்பாலும் நிறுவனச் செயலாளரின் அலுவலகம். மூலதனம் 2 ரிங்கிட் என்றால் பொய்க் கம்பெனி என்று அர்த்தமில்லை. ஒரே திட்டத்துக்காகத் தொடங்கும் நிறுவனங்கள் அப்படித்தான் இருக்கும். கணக்கறிக்கை இல்லை என்பதும் குற்றமில்லை; விலக்குப் பெற்ற தனியார் நிறுவனம் கணக்குக்குப் பதிலாகச் சான்றிதழ் மட்டும் தாக்கல் செய்யலாம்.

பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். நம் பெயர்களில் ஏ/எல் (இன்னாரின் மகன்) என்பதற்குப் பின் வருவது அப்பா பெயர், குடும்பப் பெயர் அல்ல. இரண்டு முனியாண்டிகள் அண்ணன் தம்பி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே சுப்பிரமணியத்துக்கு ஆவணத்துக்கு ஆவணம் எழுத்து மாறும். டத்தோ, டான்ஸ்ரீ பட்டங்களை நீக்கிவிட்டுத் தேடுங்கள். அடையாள எண், பிறந்த ஆண்டு போன்ற இன்னொரு விவரமும் ஒத்துப்போனால் மட்டுமே ஒரே ஆள் என்று கொள்ளுங்கள். அந்த எண்ணையும் வீட்டு முகவரியையும் யாருக்கும் அனுப்பக் கூடாது.

யாயாசான் என்றால் வழி வேறு. சில அறக்கட்டளைகள் உத்தரவாத வரம்பு நிறுவனங்களாக (பங்குக்குப் பதில் உறுப்பினர் உத்தரவாதத்தில் நிற்பவை) எஸ்எஸ்எம்மில் இருக்கும். சில 1952 அறங்காவலர் சட்டத்தின்கீழ் சட்ட விவகாரப் பிரிவில் இருக்கும். எஸ்எஸ்எம்மில் காணோம் என்றால் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

மேலே ஏறும்போது பங்குச் சந்தை நிறுவனம் ஒன்று வந்தால் நல்ல அதிர்ஷ்டம். புர்சா மலேசியா தளத்தில் ஆண்டறிக்கை இலவசம். முதல் 30 பங்குதாரர்கள், 5 விழுக்காடோ அதற்கு மேலோ வைத்திருப்போர், தொடர்புடைய தரப்பினரோடு செய்த பரிவர்த்தனைகள் ஆகிய மூன்று பக்கங்களைப் படியுங்கள். ‘நோமினீஸ்’ என்று முடியும் பெயர்கள் வேறொருவருக்காகப் பங்கை வைத்திருப்பவை. கூட்டுத் திட்ட ஒப்பந்தம் கையெழுத்தானதும் வெளியிட்ட அறிவிப்பில் இலாபப் பங்கீடே சில சமயம் இருக்கும்.

அரசியல் பக்கம்

கட்சிகளே வியாபாரத்தில் இருப்பதும் இந்த நாட்டில் புதிதல்ல. மலேசியச் சீனர் சங்கமான மசீச, ஸ்டார் பத்திரிகை நிறுவனத்தில் பெரும் பங்குதாரர். நம் பக்கம் மலேசிய இந்தியர் காங்கிரஸான மஇகா 1982இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் இருந்தது. தோட்டப் பாட்டாளிகள் சேமிப்பைக் கொட்டி வாங்கிய பங்குகள் என்ன ஆயின என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த வலி.

அரசாங்கக் குத்தகையானால் நிதி அமைச்சின் மைபுரொகியுர்மென்ட் தளத்தில் வென்றவர் பெயரும் விலையும் தேடுங்கள். ‘ருண்டிங்கான் தெருஸ்’ என்ற நேரடிப் பேச்சுப் பட்டியலைத் தனியாகப் பாருங்கள். போட்டி இல்லாமல் கொடுத்தவை அங்கேதான். பிறகு நாடாளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சார்டில் திட்டத்தின் பெயரையும் இடத்தின் பெயரையும் மலாயில் இட்டுத் தேடுங்கள். அமைச்சர் எழுத்தில் கொடுத்த பதில் நூறு பேட்டிக்குச் சமம். தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையையும் விடாதீர்கள்.

தகவல் உரிமைச் சட்டம் கூட்டரசு அளவில் கிடையாது. சிலாங்கூரிலும் பினாங்கிலும் மாநிலச் சட்டம் உண்டு. திட்டம் பூச்சோங்கிலோ பட்டர்வொர்த்திலோ என்றால், அந்த இலாகாவுக்கு விண்ணப்பம் போடுங்கள். ஒரே விண்ணப்பத்தில் “எல்லா ஆவணமும்” என்று கேட்டால் மறுப்பு வரும். ஆவணத்தின் பெயர், லோட் எண், ஆண்டு குறிப்பிட்டுக் கேளுங்கள்.

தேதி அட்டவணை

இதுதான் முழு வேலையின் முதுகெலும்பு. ஒரு தாளில் ஐந்து பத்திகள் போடுங்கள்: தேதி, நடந்தது, ஆவணம், பக்க எண், நம்பகம். நீங்களே ஆவணத்தில் பார்த்தது பச்சை. பத்திரிகையில் வந்தது மஞ்சள். யாரோ சொன்னது சிவப்பு. சிவப்பு வரிகள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

எல்லாவற்றையும் தேதி வரிசையில் வைத்ததும் சில இடங்கள் தாமாக நிமிரும். குத்தகை விளம்பரம் வந்த பிறகு பதிவான நிறுவனம் குத்தகையை வெல்வது. அனுமதிக்குச் சில வாரம் முன்பு புது இயக்குநர் சேருவது. நில வகை மாறுவதற்குச் சற்று முன் நிலம் கைமாறுவது. அனுமதி கொடுப்பவரும் பயன்பெறுபவரும் ஒரே வாரியத்தில் இருப்பது. இவை கேள்விகள், தீர்ப்புகள் அல்ல. திறந்த இல்ல உபசரிப்பில் அமைச்சரோடு எடுத்த படம் கேள்விகூட அல்ல.

எங்கே கொடுப்பது, எதில் மாட்டுவது

திட்டமிடல் ஆட்சேபம் ஒரு பக்கம் போதும், மலாயில். போக்குவரத்து, வடிகால், அடர்த்தி, திறந்தவெளி பற்றி மட்டும் எழுதுங்கள். ஊழல் குற்றச்சாட்டை அதில் கலந்தால் கடிதம் முழுதும் ஓரம் போய்விடும். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்டதாகச் சாப்பு (முத்திரை) குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊழல் சந்தேகம் ஊழல் தடுப்பு ஆணையத்துக்கு, அட்டவணையோடு. தகவல் கொடுப்போர் பாதுகாப்புச் சட்டம் 2010, அமலாக்கத் துறையிடம் சொல்பவரைத்தான் காக்கும். அதற்குள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு கைநழுவும். 2020 ஜூன் முதல் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவின்கீழ் ஊழியர் கொடுத்த இலஞ்சத்துக்கு நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். அபராதம் இலஞ்சத்தின் குறைந்தது பத்து மடங்கு அல்லது 10 இலட்சம் ரிங்கிட், எது அதிகமோ அது. ஆகவே புகாரில் கொடுத்தவரின் பெயரோடு நிறுவனத்தின் பதிவு எண்ணையும் எழுதுங்கள்.

‘ரஹ்சியா’ (இரகசியம்) முத்திரை உள்ள தாளை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தில் சிறை கட்டாயம். முகநூலில் ஒருவரைத் திருடன் என்று எழுதினால் அவதூறு வழக்கு வரும். தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவிலோ இப்போது அபராதம் 500,000 ரிங்கிட் வரை போகும். “இந்தத் தேதியில் இது, அந்தத் தேதியில் அது” என்று ஆவணத்தைச் சொல்லி நிறுத்துங்கள்.

அனுமதி ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தால் அந்த முடிவு சட்டப்படிதானா என்று நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்லும் நீதிமன்றச் சீராய்வுதான் வழி. முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு போட வேண்டும். அதனால் மாநகர் மன்றத்துப் பதில் கடிதம் கைக்கு வந்த நாளை உறையின் மேலேயே எழுதி, உறையையும் பத்திரப்படுத்துங்கள். முதல் மாத முடிவுக்குள் அட்டவணையோடு வழக்கறிஞரைப் பாருங்கள். மனுதாரர் யார், செலவை யார் பகிர்வது என்று குடியிருப்போர் சங்கக் கூட்டம் போட்டு எழுத்தில் முடிவெடுக்கவே இன்னொரு மாதம் போய்விடும்.