நேர்மறைச் சிந்தனையை அன்றாட வழக்கமாக்குவது எப்படி?

நேர்மறைச் சிந்தனை என்றதும், கண்ணாடி முன் நின்று தன்னைத் தானே புகழ்ந்துகொள்வதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தம்மைத் தாழ்வாக எண்ணுகிறவர்கள் அத்தகைய வாசகங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட அவர்களுடைய மனநிலை சோர்ந்திருந்ததை 2009-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு காட்டியது. நம்பாத ஒன்றை வாய் சொன்னால், மனம் உள்ளிருந்து எதிர்வாதம் செய்யத் தொடங்கிவிடும். ஆகவே, மனம் மறுக்க முடியாததிலிருந்து, அதாவது அன்று உண்மையிலேயே நடந்தவற்றிலிருந்து தொடங்குங்கள்.

இரவில் படுக்கப் போகுமுன் அன்று நடந்த நல்லவை மூன்றை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அது ஏன் நடந்தது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இவ்வாறு எழுதியவர்களிடம் ஆறு மாதங்களுக்குப் பிறகும் பலன் தெரிந்தது. பலரும் காரண வரியை விட்டுவிடுகிறார்கள். ஆனால் பயிற்சியின் உயிரே அதில்தான் இருக்கிறது. "பழைய நண்பர் அழைத்தார்" என்பதோடு நிறுத்தினால் அது தற்செயலாகவே தோன்றும். "சென்ற வாரம் நான் அவரை நலம் விசாரித்திருந்தேன், அதனால் அழைத்தார்" என்று எழுதும்போதுதான், நல்லது நடப்பதில் நம் கையும் இருப்பது புலப்படுகிறது. பெரிய நிகழ்ச்சிகளைத் தேட வேண்டாம். தலைவலி இல்லாத ஒரு மாலைப்பொழுதும் கணக்கில் சேரும்.

பகலில் செய்ய வேண்டியது வேறு. மேலாளர் நம் வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் கடந்துபோனால், "என்மேல் கோபமாக இருக்கிறார்" என்ற முடிவு நம்மைக் கேட்காமலேயே வந்துவிடுகிறது. 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் இப்படித் தாமாக எழும் முடிவுகளைத் தானியங்கி எண்ணங்கள் என்று அடையாளம் கண்டு, அவற்றைச் சான்றுகளோடு உரசிப் பார்க்கும் சிகிச்சை முறையை வகுத்தார். அந்த எண்ணத்தை அப்படியே எழுதி, இதற்கு என்ன ஆதாரம், வேறு காரணம் இருக்கக்கூடுமா என்று கேளுங்கள். இனிமையான எண்ணத்தைவிடச் சரியான எண்ணமே இங்கு இலக்கு. ஆராய்ந்த பிறகு அவர் கோபமாகத்தான் இருக்கிறார் என்று தெரிந்தால், போய்ப் பேசுவதே நேர்மறையான செயல். சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, உறக்கத்தையும் வேலையையும் கெடுத்தால், நோட்டை நம்பியிராமல் மருத்துவரைப் பாருங்கள்.

எழுதும் நேரத்தை ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தோடு இணைத்துவிடுவது எளிது. இரவில் பல் துலக்கியவுடன் நோட்டைத் திறப்பது என்று வைத்துக்கொண்டால், தனியாக நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. இருபத்தொரு நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற பேச்சை நம்பி ஏமாற வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வொன்றில் ஒரு செயல் பழக்கமாகப் படியச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. விட்டுப்போன நாளுக்காக மறுநாள் ஆறு நிகழ்வுகளை எழுத வேண்டியதில்லை, மூன்றே போதும்.