ஆல்மைட்டி வாய்ஸ் கதையை வகுப்பில் சொல்வது எப்படி

ஆல்மைட்டி வாய்ஸ், கனடாவின் கிரீ பழங்குடி இளைஞர். அவர் கதையை நான் மாட்டில் இருந்துதான் தொடங்குவேன், துப்பாக்கியில் இருந்து அல்ல. காட்டெருமைகள் அழிந்து, கிரீ மக்கள் அரசு அளக்கும் ரேஷனை நம்பிக் கிடந்த காலம். 1895 அக்டோபரில், மாடு ஒன்றைக் கொன்றதாக இந்த இளைஞரை டக் லேக் என்ற ஊரில் போலீஸ் காவலில் அடைத்தார்கள், அன்றிரவே தப்பினார். அப்புறம், துரத்தி வந்த போலீஸ் சார்ஜென்ட் கோல்புரூக்கை அவர் சுட்டுக் கொன்றதையும் மறைக்காதீர்கள். பிள்ளைகள் இரண்டையும் தாங்குவார்கள்.

19 மாதத் தலைமறைவை ஒரே வரியில் கடந்துவிடலாம். 1897 மே மாதக் கடைசிக்கு வந்ததும் நிதானியுங்கள். கரும்பலகையில் சின்னதாக ஒரு மரத்தோப்பு வரையுங்கள். உள்ளே மூன்று புள்ளி: அவரும் இரண்டு தோழர்களும். சுற்றிலும் போலீஸாரும் தன்னார்வலர்களுமாக ஏறத்தாழ 100 பேர், பீரங்கிகள். அவருடைய தாய் தூரத்தில் நின்று மகனுக்காகப் பாடினார் என்பார்கள். அந்த இடத்தில் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுங்கள்.