30 மைக்ரோலிட்டரில் (ஒரு மைக்ரோலிட்டர் என்பது மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மூன்று சோதனை: ஃபில்டர் பேப்பரில் மெழுகுக் கால்வாய்

ஒரு சொட்டுத் தண்ணீரை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நாம் காட்டும் வழியில் ஓட வைக்க பம்பு தேவையில்லை. ஃபில்டர் பேப்பர், மெழுகு கிரேயான், இஸ்திரிப் பெட்டி போதும். 2007இல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் காகிதத்தில் இப்படிக் கால்வாய் போட்டுக் காட்டினார்கள். அப்போது ஒளி பட்டால் இறுகும் பிசினைப் பயன்படுத்தினார்கள். மெழுகு பிறகுதான் வந்தது. நாம் நேராக மெழுகுக்கே போய்விடலாம்.

வாங்க வேண்டியவை

பேப்பர், ஆய்வக ஃபில்டர் பேப்பரான வாட்மேன் நம்பர் 1 ஆகவே இருக்கட்டும். டிஷ்யூ பேப்பரில் செய்தால் நேரம்தான் வீண். வாட்மேனின் தடிமன் எங்கும் ஒரே சீராக 0.18 மி.மீ. இருக்கும், அதனால் கணக்குப் போட முடியும்.

மிகச் சிறிய அளவுத் திரவத்தை அளந்து விடும் மைக்ரோபிப்பெட் இப்போதைக்கு வேண்டாம். மருந்துக்கடை இன்சுலின் சிரிஞ்சே என் தேர்வு. ஆரஞ்சு மூடி போட்ட யு-100 கேளுங்கள், அதில் ஒரு யூனிட் 10 மைக்ரோலிட்டர். சிவப்பு மூடி யு-40 என்றால் ஒரு யூனிட் 25 மைக்ரோலிட்டர். இரண்டையும் குழப்பிக்கொண்டால் அளவு இரண்டரை மடங்கு தப்பும்.

வரைவது

நடுவில் 6 மி.மீ. வட்டம். அதிலிருந்து 15 மி.மீ. நீளம், 3 மி.மீ. அகலத்தில் மூன்று கால்வாய். ஒவ்வொன்றின் முடிவிலும் இன்னொரு 6 மி.மீ. வட்டம். உருகும்போது மெழுகு உள்பக்கமும் பரவும், எனவே கால்வாயை 4 மி.மீ. அகலமாகவே வரையுங்கள். முதலில் பென்சில், அப்புறம் ஓரத்தில் கிரேயானால் அழுத்தமான கோடு. ஜன்னல் கண்ணாடியில் பேப்பரை வைத்து, பின்பக்கமும் அதே கோட்டின் மேல் வரையுங்கள்.

பெட்டியில் 'பிளாஸ்டிக் கிரேயான்' என்று போட்டிருந்தால் வேண்டாம். அது லேசில் உருகாது.

இஸ்திரி: இங்கேதான் எல்லாம் கெடும்

சூடு குறைந்தால் மெழுகு மேலேயே நிற்கும், தண்ணீர் அடியில் நுழைந்து கசியும். கூடினால் மெழுகு பக்கவாட்டில் ஓடிக் கால்வாயையே அடைத்துவிடும். கரிப் பெட்டி சரிவராது, சூட்டைக் கட்டுப்படுத்த வழியில்லை. மின்சாரப் பெட்டியைப் பட்டுத்துணிக்கான அளவில் வையுங்கள். பேப்பருக்கு மேலும் கீழும் அலுமினியத் தாள் வைத்து, பெட்டியை வைத்து அழுத்தி எடுங்கள். துணி தேய்ப்பதுபோல இழுக்கவே கூடாது, கோடு கலைந்துவிடும். சில விநாடிக்கு ஒருமுறை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வடை மடித்த தாளில் எண்ணெய் ஊறிய இடம்போலக் கோடு முழுக்க ஒளி ஊடுருவ வேண்டும். எங்காவது வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் இன்னொரு அழுத்து.

ஆறியதும் பின்பக்கம் முழுக்க செலோ டேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் மேஜையே பாதித் தண்ணீரைக் குடித்துவிடும்.

நிறம் காட்டிகள்

கால்வாய் முடிவிலுள்ள முதல் வட்டத்துக்குச் சங்குப்பூ. வேலூர் சத்துவாச்சாரி பக்கம் பல வீட்டுக் காம்பவுண்டில் படர்ந்திருக்கும், கேட்டால் பறித்துக்கொள்ளச் சொல்வார்கள். வெந்நீரில் ஊறவைத்த கெட்டிச் சாற்றில் ஒரு சிறு துளி. இரண்டாவதற்கு மஞ்சள்தூள் கரைசல். மூன்றாவதைக் காலியாக விடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க. நன்றாகக் காயட்டும்.

ஓடவிடுவது

பேப்பரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வெற்றிடம்தான். பரப்பைத் தடிமனால் பெருக்கி அந்தப் பங்கை எடுத்தால், மூன்று கால்வாயும் நான்கு வட்டமும் நனைய ஏறக்குறைய 30 மைக்ரோலிட்டர், அதாவது யு-100 சிரிஞ்சில் 3 யூனிட். கடைசி வட்டம் ஒன்றுக்கு 3, 4 மைக்ரோலிட்டர்தான். நடுவட்டத்தில் மெதுவாக விடுங்கள், தந்துகிக் கவர்ச்சியே (காகித இழைகளின் இடுக்கில் நீர் தானாக ஊர்வது) மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அமிலமான எலுமிச்சைச் சாறு விட்டால் சங்குப்பூ ஊதாவாகும். காரத்தன்மையுள்ள வெற்றிலைச் சுண்ணாம்பின் தெளிந்த நீர் விட்டால் பச்சையாகி மஞ்சளுக்குப் போகும், மஞ்சள் வட்டம் சிவக்கும். சாயம் வட்டத்தின் ஓரத்துக்கு அடித்துச் செல்லப்படும், அது இயல்புதான்.

கத்திரி வெயிலில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் ஃபேனை நிறுத்துங்கள். பேப்பரில் நீர் இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். வேலூர் மே மாதத்தில் நீளமான கால்வாய் போட்டால் தண்ணீர் பாதி வழியிலேயே ஆவியாகி நின்றுவிடும். 15 மி.மீ.யைத் தாண்டாதீர்கள். ஈரத்துணி விரித்த டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடினால் இன்னும் நல்லது.

ராணிப்பேட்டை, வாணியம்பாடிக்காரர்கள் அடுத்து கேட்கப்போவது தோல் பதனிடும் குரோமியத்தைப் பற்றித்தான். டைஃபினைல்கார்பசைடு என்ற வேதிப்பொருள் இதே பேப்பரில் ஆறு இணைதிறன் குரோமியத்தை (குரோமியத்தின் நச்சு வடிவம்) ஊதா நிறமாகக் காட்டும். ஆனால் அமிலம் வேண்டும், ஆகவே கல்லூரி ஆய்வகத்தில் மட்டும்.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒரு ஆசிரியை, "சோப்புத் தண்ணீர் விட்டால் மெழுகுக் கோட்டைத் தாண்டி ஓடுதே சார்?" என்று கேட்டிருந்தார். ஓடத்தான் செய்யும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால் மெழுகுச் சுவர் அதைத் தடுக்காது. காரத்தன்மையுள்ள நீர் வேண்டுமென்றால் சலவை சோடாக் கரைசல் எடுங்கள். மஞ்சளை ஸ்பிரிட்டில் கரைப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். அவர்கள் மஞ்சள் துளியை முதலில் வைத்துக் காயவிட்டு, அதைச் சுற்றிக் கிரேயான் கோடு போடட்டும்.