சினை நிற்காத மாடும் கருப்பையின் மரபணுக்களும்: எங்கே தவறுகிறோம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் லயத்துக்குப் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) பின்னால் நாலைந்து கறவை கட்டியிருப்பவர்கள், மூன்று சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்காத மாட்டை "அதன் தாயும் இப்படித்தான்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். "கருப்பை மரபணு" என்ற சொல் காதில் விழுந்த பிறகு அந்தப் பேச்சுக்கு அறிவியல் முத்திரையும் சேர்ந்துகொண்டது. முதல் தவறு அங்கேதான்.

மரபணு இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. ஈரலிலும் மடியிலும் கருப்பையிலும் உள்ளது ஒரே மரபணுத் தொகுதி. எது எப்போது விழிக்கும், எது அடங்கும் என்பதில் ஹார்மோனுக்கும் நோய்த்தொற்றுக்கும் தீனிக்கும் வெக்கைக்கும் பெரிய பங்கு உண்டு. போன மாதம் கருவைத் தாங்காத கருப்பை அடுத்த மாதம் தாங்கலாம். பரம்பரைக்கும் இதில் இடம் இருக்கிறது. ஆனால் அதைக் கடைசியில் சந்தேகியுங்கள்.

அடுத்த தவறு, "விந்து சேரவில்லை" என்று முடிவுகட்டுவது. நல்ல விந்தும் சரியான நேரமும் அமைந்தால் பத்து முட்டையில் எட்டு ஒன்பது கருவாகிவிடும். பெரும்பாலான கருக்கள் அதற்கு அப்புறம்தான் கரைகின்றன. நாலைந்து நாளில் கரு கருப்பைக்குள் இறங்குகிறது. ஒன்பது பத்தாம் நாளில் மேலுறையைக் கிழித்து வெளிவருகிறது. பிறகு கடுகுபோல் இருந்தது நீளத் தொடங்கி, 16ஆம் நாளில் பல சென்டிமீட்டர் நீள நூலாகிவிடும். அதுவரை எங்கும் ஒட்டுவதில்லை. கருப்பைச் சுரப்பிகள் கசியும் நீர்தான் அதற்கு உணவு. அந்த நீரில் என்ன இருக்கும் என்பதைப் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் நடத்தும் மரபணு மாற்றங்கள் தீர்மானிக்கின்றன. சூலகத்தில் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் திரட்டு அந்த ஹார்மோனை முதல் வாரத்தில் மெதுவாக ஏற்றினால் கரு சின்னதாகவே நின்றுவிடும்.

ஏறத்தாழ 13ஆம் நாள் வரை, சினை மாட்டின் கருப்பை உட்சுவரும் சினையில்லாத மாட்டின் உட்சுவரும் மரபணு வேலையில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். கரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கருப்பை சமைத்து வைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 16ஆம் நாளையொட்டித்தான் கணக்கு பிரிகிறது. கரு அனுப்பும் இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதச் சைகை கருப்பையில் ஐஎஸ்ஜி15, எம்எக்ஸ்1 போன்ற மரபணுக்களை எழுப்பிவிட்டு, புரோஸ்டாகிளாண்டின் சுரப்புக்கு வழிவிடும் ஆக்சிடோசின் ஏற்பி மரபணு தலைதூக்காமல் அமுக்கிவைக்கிறது. கரு சிறுத்துப்போய்ச் சைகை பலவீனமானால், கருப்பை புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து மஞ்சள் திரட்டைக் கரைத்துவிடும். மாடு 21ஆம் நாளில் மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும்.

ஆகவே தேதி குறிக்காமல் விடுவதுதான் எங்கள் கண்ணில் படும் பெரிய தவறு. ஊசி போட்ட 18 முதல் 24 நாளுக்குள் மாடு பருவத்துக்குத் திரும்பினால், கரு உருவாகவில்லை அல்லது சைகை தருமுன் செத்துவிட்டது. 25க்கு மேல் 35க்குள் திரும்பினால், சைகை போய்ச் சேர்ந்த பிறகு கரு கலைந்திருக்க வாய்ப்பு அதிகம். 40ஐ ஒட்டி வந்தால், நடுவில் ஒரு பருவத்தை நாம் கோட்டைவிட்டிருக்கலாம். விடியலுக்கு முன் பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள்கணக்கு) கிளம்பும் வீட்டில் இது சகஜம். பருவத்தில் மாடுகள் ஒன்றின்மேல் ஒன்று அதிகம் ஏறுவது இரவிலும் விடியலிலும்தான். ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை, விடியலில் ஒரு தடவை, தடவைக்கு இருபது நிமிடம் கொட்டகையில் நிற்க வேண்டும். காலையில் ஏறவிட்டு அசையாமல் நின்ற மாட்டுக்கு மாலையில் ஊசி; மாலையில் நின்றதற்கு மறுநாள் காலையில்.

பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாளில் வாலில் ரத்தம் ஒட்டியிருந்தால் "சினை நிற்காது" என்பார்கள். தப்பு. பருவ ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்குவதால் கசியும் ரத்தம் அது. சினை நின்றதற்கும் நிற்காததற்கும் அடையாளமில்லை. பருவத்தைப் பார்க்காமல் ரத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்தத் தேதியைக் குறித்துவையுங்கள். அடுத்த பருவம் ஏறக்குறைய 18, 19 நாள் கழித்து வரும்.

கன்று போட்ட மாட்டுக்கு அவசரப்பட்டு ஊசி போடுவதும் பழைய வியாதி. கருப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வரவே சுமார் 40 நாள் ஆகும். நஞ்சுக்கொடி 24 மணி நேரத்துக்கு மேல் விழாமல் கிடந்தாலோ, மூன்று வாரத்துக்குப் பிறகும் சீழ் கலந்த ஒழுக்கு இருந்தாலோ இன்னும் தள்ளிப்போகும். ஒழுக்கு நின்று வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும், உட்சுவரில் அழற்சி மரபணுக்கள் ஓயாமல் இருக்கலாம். நஞ்சைக் கையால் பிய்த்து இழுப்பது அந்தச் சுவரையே கிழிப்பது. 60 நாள் பொறுங்கள். ஒழுக்கு இருந்த மாடு என்றால் ஊசிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெக்கையை நம்மூரில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊசிக்குப் பிந்திய முதல் இரண்டு மூன்று நாள் கருவுக்குச் சூடு ஆகவே ஆகாது. தாழ்ந்த தகரக் கூரையின் கீழ் கட்டுவதைவிடச் செம்பனை நிழல் மேல்; தண்ணீர் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஃபிரீசியன் கலப்புக்கு இது இன்னும் முக்கியம், உள்ளூர் இனமான கெடா-கிளாந்தான் மாடு ஓரளவு தாங்கும். யூரியா தூவிய வரிசையில் மட்டும் மேயவிடாதீர்கள். உரத்தைத் தின்றால் மாடே போய்விடும்.

உறைந்த விந்துக்குச்சியைச் சட்டைப்பையில் வைத்தோ, கெட்டில் தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்த்தோ உருக்குபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 35 முதல் 37 டிகிரித் தண்ணீர், குறைந்தது 30 வினாடி, கையில் வெப்பமானி. துடைத்து உலர்த்தித்தான் வெட்ட வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் விந்தைக் கெடுக்கும்.

"கரு தங்க ஊசி" என்று புரோஜெஸ்டிரோனைக் கேட்டு வாங்குவதையும் விடுங்கள். பருவம் முடிந்த கையோடு அதைக் கொடுத்தால் மஞ்சள் திரட்டு சிறுத்து, சுழற்சியே குறுகிவிடலாம். இரத்தத்தில் ஐஎஸ்ஜி15 பார்த்து 18 முதல் 20 நாளில் சினை சொல்லும் சோதனையையும் தனியாக நம்பக் கூடாது. வைரஸ் தொற்று வந்தாலும் அதே மரபணு எழும்பும்.

சினை மாடுகளிலும் சில பருவம் காட்டுவதுண்டு. ஊசிக்குழாயைக் கருப்பை வாய் தாண்டி நுழைத்தால் உள்ளே இருக்கும் கரு போய்விடலாம். சந்தேகமாக இருந்தால் கருப்பை வாயின் நடுவிலேயே விந்தை விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். பருவ ஊசியான புரோஸ்டாகிளாண்டின் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். பருவம் முடிந்த முதல் ஐந்து நாளில் அது வேலை செய்யாது. சினை மாட்டுக்குப் போட்டால் கலைத்துவிடும். 30 நாளுக்கு மேல் ஸ்கேன், இல்லையென்றால் 45 நாளில் கைப் பரிசோதனை; அதில் சினையில்லை என்று தெரிந்த பிறகுதான் அந்தக் குப்பியைத் திறக்க வேண்டும்.