இங்கிலாந்தில் கம்பெனிக்குக் கலைப்பு மனு எச்சரிக்கை வந்தால்: பாரிஸ்டரைப் பார்க்கும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு கம்பெனியைக் கலைத்துவிடும்படி நீதிமன்றத்தில் மனுப் போட, அந்தக் கம்பெனி 750 பவுண்டுக்கு மேல் கடன் வைத்திருந்தால் போதும். 1986ஆம் ஆண்டின் நொடிப்பு நிலைச் சட்டம் வைத்த இந்தத் தொகை, கொரோனாக் காலத்தின் பிற்பகுதியில், 2021 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை, 10,000 பவுண்டாக உயர்த்தப்பட்டிருந்தது. பிறகு பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் லெஸ்டரிலும் கடை, உணவகம், பெட்ரோல் நிலையம், சரக்கு வண்டி என்று கம்பெனி நடத்தும் நம்மவர்கள் பலருக்கு, வரம்பு இவ்வளவு சிறியது என்பது கடிதம் கைக்கு வந்த பிறகே தெரிகிறது. வணிகம், கம்பெனி, நொடிப்பு நிலை ஆகிய சட்டத் துறைகளில் பாரிஸ்டராக வழக்காடும் நான், காப்பாற்றியிருக்கக்கூடிய கம்பெனிகள் நாள் தவறியதால் கைவிட்டுப் போவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் விதிகள் வேறு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடிதம் எந்த நாளில், எந்த முகவரிக்கு வந்தது?

கையில் வந்திருப்பது கடனைக் கட்டும்படி கேட்கும் சட்டப்படியான கோரிக்கை அறிவிப்பு (statutory demand) என்றால், அது கம்பெனியின் பதிவு அலுவலகத்தில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து 21 நாள் ஓடத் தொடங்குகிறது. அதற்குள் பணத்தைக் கட்டாமலும், ஈடு கொடுக்காமலும், கடனீந்தவர் ஏற்கும்படியான உடன்பாட்டுக்கு வராமலும் இருந்தால், கம்பெனியால் கடனைக் கட்ட முடியவில்லை என்று சட்டம் கொள்ளும். இங்கேதான் முதல் சிக்கல். சிறிய கம்பெனிகள் பல தங்கள் கணக்காளரின் முகவரியையே பதிவு அலுவலகமாகக் கொடுத்திருக்கின்றன. விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்: ஓர் உணவகக் கம்பெனிக்கு வந்த அறிவிப்பு, கணக்காளர் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்குக் கடிதங்களோடு சேர்ந்து 16 நாள் கிடந்தது. இயக்குநர் அதைக் கண்ணால் பார்த்தபோது ஐந்து நாளே மிச்சம், அதில் இரண்டு நாள் வார இறுதி. ஆகவே உறையைத் தூக்கிப் போட்டுவிடாமல் அதன் மேலுள்ள தபால் முத்திரையைப் படம் எடுத்து வையுங்கள். யார், எப்போது வாங்கினார்கள் என்று கணக்காளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தனிநபருக்கு வரும் கோரிக்கை அறிவிப்பை, அது கையில் கிடைத்த 18 நாளுக்குள் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து ரத்துச் செய்யலாம். நண்பர் ஒருவர் அப்படிச் செய்தார் என்று கேள்விப்பட்டு, கம்பெனிக்கும் அதே வழி உண்டு என்று நம்பி இருந்துவிடுகிறார்கள். கம்பெனிக்கு அந்த வழி இல்லை. மனுவே போடக் கூடாது என்று கடனீந்தவருக்கு எதிராகத் தடையுத்தரவு வாங்குவதுதான் கம்பெனிக்குள்ள வழி, அதற்குக் கூடுதல் வேகமும் கூடுதல் செலவும் தேவை. கோரிக்கை அறிவிப்பு வரவில்லையே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது: மறுக்கப்படாத ஓர் இன்வாய்ஸ் கட்டப்படாமல் கிடந்தால் அதையே சான்றாக வைத்து நேரே மனுப் போடலாம் என்பது டெய்லர்ஸ் இண்டஸ்ட்ரியல் ஃப்ளோரிங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்ற நிலைப்பாடு.

கடன் உண்மையில் மறுக்கத்தக்கதா?

தடையுத்தரவு கிடைக்க, கடனை நல்லெண்ணத்தோடும் வலுவான காரணங்களோடும் மறுப்பதாகக் காட்ட வேண்டும்; அல்லது அந்தக் கடனுக்கு ஈடாகவோ மேலாகவோ உங்களுக்கு எதிர்க்கோரிக்கை உண்டு என்று காட்ட வேண்டும். தகராறில் உள்ள கடனை வசூலிக்கக் கலைப்பு மனுவைக் கருவியாக்குவது முறைகேடு என்பது 1968இல் முடிவான மான் எதிர் கோல்ட்ஸ்டைன் வழக்கிலிருந்து உறுதியாக நிற்கும் விதி. ஆனால் காரணம் வலுவானதா என்பதை நீதிபதி தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். சரக்கு கெட்டுப்போயிருந்தது என்று இன்று சொல்பவர் அன்றே அதைச் சொன்னாரா என்பதுதான் அவர் தேடும் முதல் விஷயம்.

என்னிடம் வரும் கோப்புகளில் பெரும்பாலும் வழக்கைக் கெடுப்பது ஒரே வகைச் செய்தி. சரக்குக் கொடுத்தவர் பணம் கேட்டு வாட்ஸப்பில் எழுதுகிறார். இவர், "அண்ணா, இந்த வாரம் கொஞ்சம் இறுக்கம், வெள்ளிக்கிழமை கட்டாயம் போட்டுவிடுறன்" என்று பதில் போடுகிறார். மரியாதைக்கு எழுதிய வரி அது. பழுதான சரக்கைப் பற்றித் தொலைபேசியில் ஏற்கெனவே சண்டை போட்டிருப்பார். ஆனால் நீதிமன்றத்தின் முன் இருப்பது கடனை ஒப்புக்கொண்டு தவணை கேட்கும் ஒரு செய்தி மட்டுமே. எனவே தகராறு இருக்கும்போது தவணை கேட்காதீர்கள். எதை, ஏன் மறுக்கிறீர்கள் என்று அன்றைக்கே இரண்டு வரி எழுதுங்கள். ஏற்கெனவே அப்படி ஒரு செய்தி போயிருந்தால் அதைப் பாரிஸ்டரிடம் மறைக்காமல் முதலிலேயே காட்டுங்கள், ஏனென்றால் எதிர்த்தரப்பு அதை நிச்சயம் காட்டும்.

முழுத் தொகையையும் மறுக்க முடியாவிட்டால் மறுக்க முடியாத பகுதியை உடனே பிரித்தெடுங்கள். 30,000 பவுண்டு கேட்கிறார்கள், அதில் 9,000 நியாயமாகத் தர வேண்டியது என்றால், அந்த 9,000 கட்டப்படாமல் இருக்கும்வரை மீதிக்கான உங்கள் வாதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மனு நிலைத்து நிற்கும், ஏனெனில் அது 750ஐத் தாண்டிய, தகராறில்லாத கடன்.

பாரிஸ்டரிடம் எதைக் கொண்டுபோவது?

2004 முதல், அதற்கெனப் பயிற்சி பெற்ற பாரிஸ்டர்களைப் பொதுமக்கள், வழக்கின் ஆவண வேலைகளைக் கவனிக்கும் வழக்கறிஞரான சொலிசிட்டர் வழியாகப் போகாமல் நேரடியாகவும் அமர்த்தலாம். கட்டணத்தைப் பாரிஸ்டரின் அலுவலகமான சேம்பர்ஸில் உள்ள கிளார்க்குடன் முன்கூட்டியே பேசி, செய்யப்போகும் வேலையையும் தொகையையும் குறிக்கும் கடிதத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் பாரிஸ்டர் உங்கள் பணத்தைத் தன் கையில் வைத்திருக்க முடியாது. தனி அனுமதி பெற்றிருந்தாலன்றி நீதிமன்றத்தில் ஆவணங்களைத் தாக்கல் செய்வது, எதிர்த்தரப்புக்கு அவற்றை முறைப்படி சேர்ப்பிப்பது (சார்வு செய்வது) போன்றவற்றை உங்களுக்காகச் செய்யவும் முடியாது. கோரிக்கை அறிவிப்பு நிலையில் ஆலோசனைக்கும் பதில் கடிதத்துக்கும் நேரடியாக வருவது சிக்கனம் என்பது என் கருத்து. மனு தாக்கலாகிவிட்டது என்றால் சொலிசிட்டரையும் சேர்த்தே அமர்த்துங்கள், ஏனெனில் அந்த நிலையில் மணிக்கணக்கில் ஆவணங்கள் நகர வேண்டியிருக்கும்.

முதல் சந்திப்புக்கு வரும்போது நாள்வாரியாக எழுதிய ஒரு பக்க நிகழ்ச்சி வரிசை ஒன்று போதும், நான் பாதி வேலையை முடித்துவிடுவேன். அதன் பின்னால் ஒப்பந்தம், ஆர்டர், டெலிவரி சீட்டு, இன்வாய்ஸ், புகார் மின்னஞ்சல், படங்கள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை நாள் வரிசையில் ஒரே பிடிஎஃப் கோப்பாக்கிப் பக்க எண் போட்டு அனுப்புங்கள். வாட்ஸப் உரையாடலைத் துண்டு துண்டான ஸ்கிரீன்ஷாட்டுகளாக அனுப்பாமல் முழுதாக ஏற்றுமதி செய்து அனுப்புங்கள். நடுவில் விடுபட்ட செய்தி எப்போதும் சந்தேகத்தைக் கிளப்பும். தமிழில் உள்ள செய்திகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், அதைச் செய்தவரின் உறுதியுரையும் வேண்டும்.

இதில் நம்மவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய விதி ஒன்று உண்டு. சாட்சி வாக்குமூலம் சாட்சியின் சொந்த மொழியில்தான் எழுதப்பட வேண்டும் என்று உரிமையியல் நடைமுறை விதிகளின் கீழான வழிகாட்டு நெறி சொல்கிறது. தமிழில் யோசித்துத் தமிழில் பேசும் ஓர் இயக்குநர், மகன் எழுதிக் கொடுத்த நல்ல ஆங்கில வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குறுக்கு விசாரணையில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் நிற்பதைவிட, தமிழிலேயே எழுதி முறையாக மொழிபெயர்ப்பது எவ்வளவோ பாதுகாப்பானது. கூச்சப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

இவற்றை வைத்து, கடனீந்தவரின் சொலிசிட்டருக்கு முதல் கடிதம் போக வேண்டும். மறுப்பின் காரணங்களைச் சுருக்கமாக, முக்கியமான மூன்று நான்கு ஆவணங்களின் நகலோடு சொல்லி, மனுப் போட மாட்டோம் என்ற எழுத்துப்பூர்வ உறுதிமொழியைக் குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட மணிக்குள் தரும்படி கேட்டு, தராவிட்டால் தடையுத்தரவுக்கு விண்ணப்பித்துச் செலவையும் கோருவோம் என்று முடிக்க வேண்டும். கோபம் காட்டும் கடிதத்தைவிட ஆவணம் காட்டும் கடிதமே பல மனுக்களைப் பிறக்காமலே தடுத்திருக்கிறது.

மனு தாக்கலாகிவிட்டால்

கம்பெனியைக் கலைக்க உத்தரவு வந்தால், கலைப்பு தொடங்கிய நாளாகச் சட்டம் கொள்வது மனு தாக்கலான நாளையே. அந்த நாளுக்குப் பிறகு கம்பெனி செய்த பணப் பட்டுவாடாவும் சொத்து மாற்றமும், நீதிமன்றம் அனுமதித்தாலன்றி, அதே 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 127ஆம் பிரிவின்படி செல்லாதவையாகும். மனுவைப் பற்றிய அறிவிப்பு அரசிதழான கெஜட்டில் விளம்பரமாக வெளிவருகிறது. கம்பெனிக்கு மனு சார்வான பின் குறைந்தது ஏழு வேலை நாளும், விசாரணைக்கு முன் குறைந்தது ஏழு வேலை நாளும் இடைவெளி இருக்க வேண்டும். கெஜட்டைப் பார்த்ததும் வங்கி கணக்கை முடக்கும். வெள்ளிக்கிழமை சம்பளம் போட முடியாது, மொத்த வியாபாரி சரக்கு இறக்க மறுப்பார், ஓடிக்கொண்டிருந்த வியாபாரம் ஒரே வாரத்தில் நின்றுபோகும். ஆகவே சார்வுக்கும் கெஜட்டுக்கும் இடையிலான அந்த ஏழு வேலை நாள்தான் உங்களிடம் உள்ள மிக மதிப்புள்ள காலம். விளம்பரத்தைத் தடுக்கும் உத்தரவுக்கு அதற்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

அது தவறிவிட்டால், சம்பளம் போன்ற குறிப்பிட்ட பட்டுவாடாக்களைச் செல்லுபடியாக்கும் உத்தரவைக் கேட்கலாம். ஆனால் 2016ஆம் ஆண்டின் எக்ஸ்பிரஸ் எலக்ட்ரிக்கல் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை இறுக்கிவிட்டது: அந்தப் பட்டுவாடா ஈடில்லாக் கடனீந்தவர்கள் (அடமானம் ஏதுமின்றிக் கடன் கொடுத்தவர்கள்) அனைவருக்கும் நன்மை தரும் என்று காட்டும் சிறப்புச் சூழல் வேண்டும். அண்மைய கணக்கும், வரப்போகும் வாரங்களின் வரவு செலவு மதிப்பீடும் இல்லாமல் இந்த விண்ணப்பத்தோடு போவதில் பயனில்லை.

மனுவை எதிர்ப்பதானால் வாக்குமூலம் விசாரணைக்குக் குறைந்தது ஐந்து வேலை நாளுக்கு முன் தாக்கலாக வேண்டும். லண்டனில் இந்த மனுக்கள் ஃபெட்டர் லேனிலுள்ள ரோல்ஸ் கட்டடத்தில் பட்டியலிடப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சில நிமிடங்களில் முடிகின்றன. தாக்கல் செய்யாமல் நேரில் போய் விளக்கலாம் என்று நினைப்பவருக்கு அந்தச் சில நிமிடம் போதாது. மனுப் போட்டவருக்கு மட்டும் பணம் கட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். வரித்துறையோ வேறொரு கடனீந்தவரோ அவருடைய இடத்தில் மனுதாரராக வந்து நிற்க விதியில் இடமுண்டு.

உறவுக்காரர் கடன்

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்ல மனிதர்கள் நல்ல எண்ணத்தோடு செய்து மாட்டிக்கொள்ளும் தவறு இது. கம்பெனி நொடிக்கிறது என்று தெரிந்ததும், தொழில் தொடங்கப் பணம் தந்த மைத்துனருக்கோ சீட்டுப் பணத்தைக் கைமாற்றாகக் கொடுத்த தம்பிக்கோ முதலில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் நம் மனம் சொல்லும். சட்டம் அதை முன்னுரிமைக் கொடுப்பனவு என்கிறது. மற்றவர்களுக்குக் கொடுத்ததை ஆறு மாதம் பின்னோக்கிப் பார்க்கும் 239, 240ஆம் பிரிவுகள், நெருங்கிய தொடர்புடையவருக்குக் கொடுத்ததை இரண்டு ஆண்டு பின்னோக்கிப் பார்க்கின்றன. அவருக்குச் சலுகை காட்டும் விருப்பத்தோடுதான் கொடுத்தீர்கள் என்றும் தொடக்கத்திலேயே கொள்ளப்படும். கம்பெனியைக் கலைக்கும் பொறுப்பேற்கும் கலைப்பாளர் அந்தப் பணத்தை மைத்துனரிடமிருந்தே கேட்டு வாங்குவார். உங்கள் மீது இயக்குநர் தகுதி நீக்க நடவடிக்கையும் வரலாம், அதன் உச்சம் 15 ஆண்டு. நொடிப்பு நெருங்கிவிட்ட நிலையில் இயக்குநர்கள் கடனீந்தவர்களின் நலனையும் கருத வேண்டும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2022இல் சீகுவானா வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே எச்சரிக்கைக் கடிதம் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு பெரிய பட்டுவாடாவுக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

கலைப்பு உத்தரவு வந்தே விட்டால் அஃபிஷியல் ரிசீவர் என்ற அரசு அதிகாரி பொறுப்பேற்பார். இயக்குநரின் அதிகாரம் அத்துடன் முடியும். உத்தரவை நீக்கக் கோரும் விண்ணப்பத்துக்கு, உத்தரவு வந்த நாளிலிருந்து ஐந்து வேலை நாளே உண்டு, அதனுடன் கம்பெனியின் சொத்து, கடன் விவரங்களைக் காட்டும் வாக்குமூலமும் போக வேண்டும். கடிதம் உங்கள் பார்வைக்கே வராமல் வேறு முகவரியில் கிடந்தது என்பது உங்கள் காரணமானால், முதலில் படம் எடுத்து வைத்த அந்த உறையும் கணக்காளரின் எழுத்துப்பூர்வப் பதிலும் அந்த வாக்குமூலத்தின் முதல் இணைப்பாகப் போகும்.